“இஃப் ஐ ஹேட் ஸ்னீஸ்ட்” – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

உங்க சைட்ட ரொம்ப நாளா படிக்கிறேன், எழுதுறது இதான் முதல் தடவ. சென்னைல ஒரு ஐடி கம்பெனில வேலை, ராத்திரி ஆனா அமெரிக்க கிளையண்ட் கூட கால். ஐஇஎல்டிஎஸ் எழுதணும்னு கோச்சிங்கும் போறேன். அங்க இஃப் போட்டு எழுதற வாக்கியங்கள கண்டிஷனல்ஸ்னு சொல்லி ஜீரோ, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டுன்னு நாலா பிரிச்சு மனப்பாடம் பண்ணச் சொல்லிட்டாங்க, இஃப் இருக்கற பக்கம் வுட் வரவே கூடாதாம். ஆனா என் கிளையண்ட் அசால்ட்டா “இஃப் ஐ வுட் ஹேவ் நோன்”ங்கிறார். கிரிக்கெட் கமெண்ட்ரில கேட்ச விட்டதுக்கு அப்புறம் “இஃப் ஹி டேக்ஸ் தட், இட்ஸ் எ டிஃபரண்ட் கேம்”ங்கிறாங்க, முடிஞ்சு போன விஷயத்துக்கு எதுக்கு பிரசண்ட் டென்ஸ்? “இஃப் ஐ வேர் யூ”ல ஏன் வாஸ் வரல? அவங்க தப்பா பேசறாங்களா, இல்ல எங்களுக்குத் தப்பா சொல்லித் தர்றாங்களா?

– ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள வாசகிக்கு,

ரெண்டு பக்கமும் தப்பு இல்ல. அந்த நாலு வகை, பாடம் ஆரம்பிக்கிறவங்களுக்குப் பிடிச்சு நடக்க ஒரு சுவர் மாதிரி, அதுக்கு மேல அதுகிட்ட எதிர்பார்க்கக் கூடாது. எனக்கு உண்மையிலேயே வருத்தம் என்னன்னா அந்த நாலுக்கும் அடியில ஓடுற ஒரே ஒரு விஷயத்த யாரும் சொல்லித் தர்றதில்ல, அத மட்டும் சொல்லிட்டா மனப்பாடம் பாதி தேவையே இல்ல.

விஷயம் இதான். பாஸ்ட் டென்ஸ்னு நாம பேர் வெச்சிருக்கோமே, அந்த ரூபம் ஆங்கிலத்துல காலத்த மட்டும் காட்டறதில்ல, தூரத்த காட்டுது. நேத்து நடந்தது இன்னிக்கிலேர்ந்து தூரம், அதனால பாஸ்ட். “இஃப் ஐ ஹேட் எ கார்”னு ஒருத்தர் சொன்னா பேசறது இன்னிக்கப் பத்திதான், ஆனா கார் இல்ல, நிஜத்துலேர்ந்து தூரம், அதுக்கும் பாஸ்ட். “ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் ஹெல்ப் மி”னு கேக்கறவருக்கு உதவி வேணுங்கிறது இப்பதான், எதிர்ல இருக்கறவர்கிட்ட மரியாதையா ஒரு அடி தள்ளி நிக்கிறார், அதுக்கும் அதே பாஸ்ட். “ஐ விஷ் ஐ நியூ”, “இட்ஸ் டைம் வி லெஃப்ட்” எல்லாம் இதே குடும்பந்தான், லெஃப்ட்னு சொல்லும்போது இன்னும் யாரும் கிளம்பல பாருங்க. சரி, ஏற்கனவே முடிஞ்சு போன ஒன்ன நிஜத்துலேர்ந்து தள்ளி வெக்கணும்னா? ஒரு படி பின்னாடி ஏற்கனவே போயாச்சு, இன்னும் ஒரு படி போகணும், அதான் இஃப் பக்கம் ஹேட் நோன், மறுபக்கம் வுட் ஹேவ். உங்க கோச்சிங்ல தேர்டுங்கிறது இவ்ளோதான்.

இத ஒரு மனுஷன் எப்படி கையாண்டார்னு பாக்கணும்னா அமெரிக்கக் கறுப்பின மக்களோட உரிமைக்காகப் போராடின மார்ட்டின் லூதர் கிங் பேசின கடைசி பேச்சக் கேளுங்க. 1958 செப்டம்பர்ல நியூயார்க் ஹார்லம்ல ஒரு கடைல உக்காந்து தன் புத்தகத்துல கையெழுத்து போட்டுட்டு இருந்தார், ஒரு பெண் வந்து கவர் பிரிக்கற கத்தியால நெஞ்சுல குத்திட்டாங்க. கத்தி முனை இதயத்துலேர்ந்து கிளம்பற பெரிய ரத்தக் குழாய ஒட்டி நின்னுச்சு, தும்மியிருந்தாலே உயிர் போயிருக்கும்னு பேப்பர்ல வந்துச்சு. ஜனாதிபதி கிட்டேர்ந்து தந்தி வந்ததாம், அதுல என்ன இருந்துச்சுன்னு மறந்துட்டேன்கிறார், ஆனா ஒன்பதாவது படிக்கற ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு எழுதின லெட்டர மட்டும் மறக்கவே மாட்டேன்கிறார். நீங்க தும்மாம இருந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம்னு அந்தப் பொண்ணு எழுதியிருந்தா. அதுல இஃப் கிடையாது, வுட் கிடையாது, டிடண்ட் ஸ்னீஸ்னு சாதாரண பாஸ்ட் டென்ஸ்.

1968 ஏப்ரல் 3, மெம்பிஸ்ல துப்புரவுத் தொழிலாளிங்க ஸ்டிரைக்குக்கு ஆதரவா பேச வந்தவர் அந்த ஒரு வரிய எடுத்து இஃப்பா மாத்தறார். “இஃப் ஐ ஹேட் ஸ்னீஸ்ட், ஐ வுடண்ட் ஹேவ் பீன் அரவுண்ட் ஹியர் இன் 1960”, அந்த வருஷந்தான் தெற்குல கறுப்பின மாணவர்கள் வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு இருந்த சாப்பாட்டு கவுண்டர்ல போய் உக்காந்தாங்க. திரும்ப இஃப் ஐ ஹேட் ஸ்னீஸ்ட், 1961 பஸ் பயணப் போராட்டம். திரும்ப அதே, 1962 ஆல்பனி, 1963 பர்மிங்ஹாம்னு தெற்கத்தி ஊர்கள்ல நடந்த போராட்டங்க, அந்த ஆகஸ்ட்ல தன் கனவப் பத்தி அமெரிக்காகிட்ட சொன்னது, அப்புறம் செல்மா ஊர்ப் போராட்டம். இஃப் பாதி மாறவே இல்ல, தும்மல்னு அவ்ளோ சின்ன ஒரு வினை, மறு பாதில ஒவ்வொரு தடவையும் ஒரு பெரிய சம்பவம் வந்து நிக்குது. இலக்கணப்படி பாத்தா எல்லாம் ‘நான் இருந்திருக்க மாட்டேன், பாத்திருக்க மாட்டேன்’னு நடக்காதத சொல்ற வாக்கியம், ஆனா கேக்கற கூட்டத்துக்கு எல்லாம் நடந்ததுன்னு தெரியும். நடந்தத ஒரு நிமிஷம் அழிச்சுக் காட்டிதான் அது எவ்ளோ பெருசுன்னு புரிய வெக்கறார். அடுத்த நாள் சாயங்காலம் அவர சுட்டுட்டாங்க. எனக்கு இந்தப் பேச்சக் கேக்கறப்பல்லாம் தேர்ட் கண்டிஷனல ஒரு கோடிட்ட இடத்த நிரப்பற கேள்வியா சுருக்கிட்டோமேன்னு மனசு கஷ்டமா இருக்கும்.

இப்ப உங்க ஆஃபீஸுக்கு வர்றேன், ஏன்னா அங்க இது சம்பளத்தோட சம்பந்தப்பட்டது. கிளையண்ட் “இஃப் வி மூவ் த ரிலீஸ் டு மார்ச், வில் யுவர் டீம் பி ஓகே”ன்னு கேட்டா அது நடக்க வாய்ப்புள்ள பிளான், போய் டீம்ல சொல்லி வைங்க. அதையே “இஃப் வி மூவ்ட் த ரிலீஸ் டு மார்ச், வுட் யுவர் டீம் பி ஓகே”ன்னா சும்மா மேஜைல வெச்சுப் பாக்கறார், ஒண்ணும் முடிவாகல, எந்த நேரமும் திரும்ப எடுத்துக்குவார். ஹெட்செட்ல மூவ் பின்னாடி வர்ற ட் காதுலயே விழாது, அதனால மறு பாதில வில்லா வுட்டான்னு கேளுங்க, அங்கதான் விஷயம் இருக்கு. இது புரியாம ‘ரிலீஸ் மார்ச்சுக்குப் போயிடுச்சாம்’னு மெயில் போட்டு ஒரு வாரம் களேபரம் ஆன டீம்லாம் உண்டு. விலை பேசறப்பவும் அப்படித்தான், வி வில் கிவ்னா கிட்டத்தட்ட வாக்கு, வி வுட் கிவ்னா ஆழம் பாக்கறது.

நமக்கு இந்த இடம் குறிப்பா வழுக்கறதுக்கு காரணம் இருக்கு. ‘சொல்லியிருந்தா வந்திருப்பேன்’னு தமிழ்ல நடக்காததுக்குன்னே ஒரு ரூபம் இருக்கறதால தேர்ட் நமக்கு ஈஸியா பழகிடும். ஆனா ‘லீவு கெடச்சா ஊருக்குப் போவேன்’, ‘கோடி ரூபா கெடச்சா வேலைய விட்ருவேன்’ ரெண்டுக்கும் கெடச்சாதான், நடக்குமா நடக்காதாங்கறது கேக்கறவருக்குத் தானா புரிஞ்சிடும். ஆங்கிலத்துல ரெண்டாவதுக்கு காட்னு பாஸ்ட் போட்டே ஆகணும், நாம கெட்னு சொல்லிடறோம், கேக்கறவருக்கு கோடி ரூபா வரப்போற மாதிரி இருக்கும்.

மத்த கேள்விங்க. கமெண்ட்ரி விஷயம் தப்பு இல்ல, விளையாட்டு பேசறவங்க கிரிக்கெட், ஃபுட்பால், பேஸ்பால் எல்லாத்துலயும் பேச்சு வழக்குல அப்படித்தான் சொல்றாங்க. ரீப்ளே கண்ணு முன்னாடி ஓடிட்டு இருக்கு, பந்து திரும்ப கைக்கு வருது, அப்ப தூரம் வெக்கத் தோணாது, ஹேட் டேக்கன் வுட் ஹேவ் பீன்னு இழுக்கறதுக்குள்ள அடுத்த பாலும் வந்துடும். கிளையண்ட் சொல்ற இஃப் ஐ வுட் ஹேவ் நோன் அமெரிக்கப் பேச்சுல ரொம்ப சகஜம், எழுத்துல கண்டிச்சுட்டே இருப்பாங்க, பேச்சுல அது ஓய மாட்டேங்குது. அதுக்கு ஒரு காரணம் ஹேட், வுட் ரெண்டுமே பேசறப்ப ஐ’ட்னு ஒரே சத்தமா சுருங்கிடறது, இஃப் ஐ’ட் நோன் ஐ’ட் ஹேவ் டோல்ட் யூல முதல் ட் ஹேட், ரெண்டாவது வுட், காதுக்கு வித்தியாசம் கிடையாது. “இஃப் யூ வுட் ஜஸ்ட் சைன் ஹியர்”னு ரிசப்ஷன்ல சொல்றது வேற கதை, அங்க வுட் கற்பனை இல்ல, ‘மனசு வெச்சு’ங்கிற அர்த்தம், அதுக்கு இஃப் பக்கத்துலயே தாராளமா இடம் உண்டு. வேர் பத்தி சொல்லணும்னா, நிஜமில்லாததுக்குன்னு பழைய ஆங்கிலத்துல தனி வினை ரூபமே இருந்துச்சு, எல்லாம் தேஞ்சு போய் ஆம், இஸ், வாஸ்னு வர்ற பி வினைல மட்டும் வேர்ங்கிற அந்த ஒண்ணு மிச்சம். இஃப் ஐ வாஸ் யூன்னு பேசறவங்களும் நிறைய இருக்காங்க.

பரிட்சைல இஃப் பக்கம் ஹேட் நோன், மறுபக்கம் வுட் ஹேவ், இஃப் ஐ வேர் யூன்னே எழுதுங்க, இல்லன்னா அங்க மார்க் போகலாம். வுட் ஹேவ்வ காதுல விழற மாதிரி வுட் ஆஃப் (would of)னு மட்டும் எழுதிடாதீங்க, அந்த ஊர்க்காரங்களே அப்படி எழுதித் திட்டு வாங்கறாங்க. கால்ல உங்க கிளையண்ட திருத்த வேண்டாம், இன்னிக்கு ராத்திரி அவர் வில்லுங்கிறாரா வுட்டுங்கிறாரான்னு மட்டும் ஒரு பேப்பர்ல குறிச்சுட்டு வாங்க, ஏதாவது இடத்துல குழப்பமா இருந்தா அந்த வரிய அப்படியே எழுதி அனுப்புங்க, பாக்கலாம்.