கடிகாரம் ஏன் கிடைக்க வேண்டும்?

ஐயா, வணக்கம். குடியாத்தத்தில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியை நான். ஆண்டு விழாவுக்காக ஒரு நாடகம் எழுதியிருக்கிறேன். இலவச இடத்தில் சேர்ந்த பையனை வகுப்பே சீண்டுகிறது. வசதியான வீட்டுப் பையனின் கடிகாரம் காணாமல் போனதும் பழி இவன்மேல் விழுகிறது. கடைசியில் கடிகாரம் பீரோவுக்குப் பின்னால் கிடைக்கிறது. பணக்காரப் பையன் மன்னிப்புக் கேட்கிறான். 40 நிமிடம் அதிகமா? முடிவில் பாட்டு வைக்கலாமா? பிரதியை இணைத்திருக்கிறேன்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

நாற்பது நிமிடம் ஒன்றும் அதிகமில்லை. பாட்டைப் பிறகு பார்ப்போம். அந்தக் கடிகாரம் ஏன் கிடைக்க வேண்டும்? பிரதியைப் படித்ததிலிருந்து இதுதான் என்னை உறுத்துகிறது.

நானும் உங்கள் ஊரில்தான் படித்தேன். 1983, எட்டாம் வகுப்பு. பீடி மண்டிக்காரர் மகனின் எச்.எம்.டி. கடிகாரத்தைக் காணவில்லை. வகுப்பில் 42 பைகள் இருந்தன. ஆசிரியர் தரையில் கொட்டியது ஒன்றைத்தான், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனின் பையை. இரண்டு நோட்டு, மூடியில்லாத பேனா, ஒரு நூல்கண்டு. அவன் அம்மா பீடி சுற்றுவார், இவன் இரவில் முனை மடக்கிக் கொடுப்பான். விரலில் புகையிலை நெடி போகவே போகாது. அந்த நெடியைச் சொல்லியே அவனை விளையாட்டில் சேர்க்க மாட்டார்கள். என் பையை யாரும் தொடவில்லை. என் அப்பா தாலுகா அலுவலக எழுத்தர், அதுதான் காரணம். சிதறியதை அவனே குனிந்து பொறுக்கினான். நான் குனியவில்லை.

மறுநாள் அவன் அம்மா வந்தார். இலையும் தூளும் அந்த மண்டியிலிருந்துதான் அவருக்கு வர வேண்டும். தன் மகன் எடுக்கவில்லை என்று தெரிந்தும், பதின்மூன்று வயதுப் பையன் முன்னால் கைகூப்பி நின்றார். அதன்பின் அவன் பள்ளிக்கு வரவில்லை. கடிகாரம் கிடைக்கவே இல்லை.

உங்கள் நாடகத்தில் கடிகாரம் கிடைத்த பிறகுதான் பையன் நல்லவனாகிறான். கிடைக்காவிட்டால் அவன் திருடனா? பார்க்க உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதையா சொல்லித்தரப் போகிறீர்கள்? எடுத்தான் என்றவன்தான் நிரூபிக்க வேண்டும். எடுக்கவில்லை என்பதற்கு ஒரு குழந்தை எங்கே போய்ச் சாட்சி தேடும்? பீரோ நகராமல் போயிருந்தால் அவன் கதி என்ன?

இன்னொன்று. பையைச் சோதித்த ஆசிரியர் மூன்றாம் காட்சிக்குப் பிறகு வரவே இல்லையே! சிறுவனை மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டுப் பெரியவர்களைத் தப்பவிட்டிருக்கிறீர்கள். நீங்களும் ஆசிரியை என்பதால் எழுதக் கை வரவில்லையா? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளையை அடிப்பதை மட்டுமல்ல, மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு அதே சட்டம் தந்த 25 விழுக்காட்டு இலவச இடத்தில்தான் உங்கள் பையன் உட்கார்ந்திருக்கிறான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. முதல் காட்சியில் அவன் சோற்று டப்பாவை மூடியால் மறைத்தபடி சாப்பிடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். அதை எழுதத் தெரிந்தவருக்கு இதுவும் வரும்.

கடிகாரத்தைக் கிடைக்க விடாதீர்கள். பையைக் கொட்டிய ஆசிரியரே வகுப்பின் முன்னால் குனிந்து, ஒவ்வொரு நோட்டாக எடுத்து, அந்தப் பைக்குள் திரும்ப வைக்கட்டும். அந்த இடத்தில் பாட்டு வேண்டாம்.

அன்புடன்