அழகான ஸ்டேஷனுக்கு ஏன் பூட்டு?

கேள்வி: நியூயார்க்கில் சுரங்க ரயில் முதன்முதலில் கிளம்பிய ஸ்டேஷனையே மூடிவிட்டார்களாமே? இடித்துவிட்டார்களா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: மூடியது உண்மை, இடிக்கவில்லை. சிட்டி ஹால் ஸ்டேஷனைத்தான் கேட்கிறீர்கள். 1904 அக்டோபர் 27 அன்று முதல் ரயில் அங்கிருந்துதான் புறப்பட்டது. தொடங்கிவைக்க வந்த மேயர் ஜார்ஜ் மெக்லெல்லன், ஓட்டுநரின் கைப்பிடியைப் பிடித்தவர் விடவே மாட்டேன் என்று 103ஆம் தெரு வரைக்கும் தானே ஓட்டிக்கொண்டு போனார். அன்றைக்குக் கட்டணம் 5 சென்ட்.

அந்தப் பாதையில் இருந்த ஸ்டேஷன்களில் இதற்குத்தான் அலங்காரம் அதிகம். பித்தளைச் சரவிளக்குகள், பூங்காவிலிருந்து பகல் வெளிச்சம் இறங்க மேலே கண்ணாடிகள், தலைக்கு மேல் வரிசையாக ஓட்டு வளைவுகள். வளைவுகள் ஸ்பெயினிலிருந்து வந்த ரஃபேல் குவாஸ்டவினோவின் முறையில் கட்டியவை: மெல்லிய ஓடுகளைச் சீக்கிரம் இறுகும் சாந்தில் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டே போவார்கள், கனமான சாரம் தேவைப்படாது, முடிந்ததும் வளைவு தன் எடையைத் தானே தாங்கும். எனக்கு அந்த ஸ்டேஷனிலேயே பெரிய விஷயம் அந்தக் கூரைதான்.

அப்புறம் ஏன் மூடினார்கள்? நடைமேடை வளைவாக இருந்ததுதான் வினை. ஆரம்பகாலப் பெட்டிகளுக்குக் கதவுகள் இரண்டு முனைகளில் மட்டும், அதனால் பிரச்சினை இல்லை. பிறகு வந்த பெட்டிகளில் நடுவிலும் கதவு வைத்தார்கள், வளைவில் நேரான பெட்டி நின்றால் நடுக்கதவுக்கும் நடைமேடைக்கும் இடையே ஆள் விழுகிற அளவுக்கு இடைவெளி. நேராக்கிக் கட்டலாம்தான், ஆனால் பக்கத்திலேயே புரூக்ளின் பிரிட்ஜ் ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் ரயில்களும் நிற்கும்போது இங்கே யார் வருவார்கள்? கடைசிக் காலத்தில் தினம் 600 பேர் அளவில்தான் வந்தார்கள். 1945 டிசம்பர் 31 அன்று மூடிவிட்டார்கள். அதற்குள் உலகப்போர் காலத்தில் மேலே இருந்த கண்ணாடிகளுக்குத் தார் பூசிக் கறுப்பாக்கியும் இருந்தார்கள், அதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

சரி, பார்க்க வழி உண்டா என்றால், உண்டு. நியூயார்க் போக்குவரத்து அருங்காட்சியகம் தன் உறுப்பினர்களைச் சுற்றிக்காட்ட அழைத்துப் போகிறது. 6ஆம் எண் ரயில் இன்றைக்கும் இந்த வளைவான பாதையில்தான் திரும்புகிறது. கடைசி நிறுத்தமான புரூக்ளின் பிரிட்ஜில் இறங்காமல் பெட்டியிலேயே உட்கார்ந்திருந்தால், நிற்காமல் மெதுவாகக் கடக்கும், ஜன்னல் வழியே அந்த ஓட்டுக் கூரையைப் பார்த்துவிடலாம்.