குதிகாலைப் பாருங்கள், இரவுக் கணக்கைக் கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: பராமரிப்பு நிலையங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துவிட்டது, பேச்சும் குழறுகிறது. இந்த வாரம் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வெளியே அனுப்பிவிடுவார்கள். அண்ணன்மார் வெளிநாட்டில், நான் வேலைக்குப் போகிறவள். இரண்டு தனியார் நிலையங்களைப் பார்த்தேன். ஒன்று மாபிள் பதித்து ஏசி போட்டது. மற்றது பழைய கட்டடம், ஆனால் ஆட்கள் அன்பாகப் பேசினார்கள். எதைப் பார்த்து முடிவெடுப்பது?
– ஒரு மகள், கல்லடி

பதில்: முதலில் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இரவு பத்து மணிக்குப் பிறகு எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள், அப்போது எத்தனை நோயாளிகள் தாங்களாகப் புரள முடியாதவர்கள்? பதில் வந்ததும் அங்கேயே கணக்குப் போடலாம். படுக்கைப்புண் வராமல் இருக்க, படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்ற வேண்டும். தோல் உரசாமல் தூக்கி மாற்ற இரண்டு பேர் தேவை. ஒருவருக்கு ஐந்து நிமிடம், பம்பஸ் நனைந்திருந்தால் பத்து நிமிடம். அப்படிப் பத்துப் பேர் இருந்தால், இரண்டு ஊழியர்கள் ஒவ்வொரு இரண்டு மணித்தியாலத்திலும் ஐம்பது நிமிடத்துக்குக் குறையாமல் அதிலேயே நிற்பார்கள். இரவுக்கு ஒரே ஒரு பிள்ளைதான் என்றால் புரட்டுவது நடக்காது. விடியப்புறம் பதிவேட்டை மட்டும் நிரப்புவார்கள். பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி எல்லாம் ஒரே பேனையில், ஒரே சாய்வில் எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். பின்னேரம் மூன்று மணிக்குப் போய்ப் பார்க்கும்போது ஆறு மணிக் கட்டம் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் சந்தேகப்படவும் வேண்டாம், வேறு இடம் தேடுங்கள்.

நேரம் சொல்லிப் போகும் முதல் வருகையில் தெரிவது கொஞ்சம்தான். இரண்டாம் முறை மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும், மூன்றாம் முறை ஞாயிற்றுக்கிழமை பொழுதுபட்ட பிறகும் போங்கள். சொல்லாமல் வந்தால் உள்ளே விடமாட்டோம் என்கிற இடத்தில், அம்மா சேர்ந்த பிறகும் அதே பதில்தான் கிடைக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் பார்க்க வேண்டியது விழுங்குதல். பாரிசவாதம் வந்தவர்களில் பலருக்குத் தொண்டை சரியாக வேலை செய்யாது. உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நெஞ்சுச் சளிக்காய்ச்சல் வரும், உயிரும் போகும். ஆகவே துண்டு வெட்ட முன்பே வைத்தியசாலையில் விழுங்கும் பரிசோதனை நடந்ததா, என்ன பதத்தில் கொடுக்கச் சொன்னார்கள் என்று எழுதி வாங்குங்கள். நிலையத்தில் நோயாளியை நேராக இருத்தி, நாடியைச் சற்றுத் தாழ்த்தி, தேக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறார்களா? ஒரு வாய் விழுங்கிய பிறகுதான் அடுத்த வாயா? முடிந்ததும் அரை மணித்தியாலமாவது இருத்தி வைக்கிறார்களா? இழுத்த பக்கக் கன்னத்துக்குள் சோறு ஒதுங்கிக் கிடக்கும், அதை விரலால் துடைத்து வாய் கழுவிவிடுகிறார்களா? உதிரும் பிட்டும், சொதி ஊற்றிய இடியப்பமும் இப்படியானவர்களுக்கு ஆபத்து. சொதி முன்னே ஓட, இடியப்பம் பின்னே நிற்கும். குழைய அரைத்த, ஒரே பதமான கஞ்சிதான் பாதுகாப்பு. தண்ணீர் குடித்ததும் குரல் களகளவென்று ஈரமாகக் கேட்டால் நிறுத்திவிட்டு வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். சமையற்காரருக்கும் இது தெரிந்திருக்கிறதா என்று குசினியில் கேளுங்கள்.

மூக்குக்குழாய் போட்டு அனுப்பினால், ஊட்டும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும், முன்னும் பின்னும் சுமார் 30 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். ஒவ்வொரு முறையும் குழாய் இடம் விலகவில்லையா என்று பார்த்த பிறகே ஊட்ட வேண்டும். மூக்கருகில் குழாயில் போட்ட அடையாளக் கோடு எங்கே என்று கேட்டால், தெரிந்தவர் உடனே காட்டுவார்.

அடுத்தது, கட்டிலில் இருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவதை ஒரு தடவை நேரில் பாருங்கள். நாற்காலி நோயாளியின் பலமான பக்கம் (உங்கள் அம்மாவுக்கு இடப்பக்கம்) நிற்க வேண்டும். பிரேக் போட்டிருக்க வேண்டும், கால்மிதி மடக்கியிருக்க வேண்டும். இழுத்த கையைப் பிடித்தோ கக்கத்தில் கைகொடுத்தோ தூக்கினால் அந்த இடத்தைக் கைவிடுங்கள். பாரிசவாதத்துக்குப் பிறகு தோள்மூட்டைத் தாங்கும் தசை தளர்ந்திருக்கும். இழுக்க இழுக்க மூட்டு கழன்று, பிறகு மாதக்கணக்கில் வலி. கை தேறிவருவதையும் அந்த வலி கெடுத்துவிடும்.

ஏற்கெனவே அங்கே இருப்பவர்களின் குதிகாலில் புண் இருக்கிறதா என்று, அவர்களிடமும் வீட்டாரிடமும் கேட்டுவிட்டுப் பாருங்கள். உதடு வறண்டிருக்கிறதா, நாக்கில் வெள்ளை படிந்திருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா? தண்ணீர்க் கிளாஸ் எட்டும் தூரத்தில், வேலை செய்யும் கைப்பக்கம் இருக்கிறதா? குழாய் போட்டவரின் சிறுநீர் சேரும் பை கட்டிலின் கீழ் தொங்க வேண்டும், நிலத்தில் முட்டக்கூடாது. வைகாசி தொடக்கம் கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் பகுதியில் வயதானவர்கள் தாகம் தெரியாமலே காய்ந்துபோவார்கள். தண்ணீர் குடித்த அளவை எழுதும் தாள் இல்லாவிட்டால் அந்த மாதங்களில் அம்மாவை நம்பி விடமுடியாது.

வலப்பக்கம் இழுத்தவர்களுக்குப் பேச்சு மட்டும் பாதிக்கப்பட்டிருக்கலாம், விளங்குகிற சக்தி இருக்கும். வலி, தண்ணீர், மலசலம் ஆகியவற்றைப் படம் வரைந்த அட்டையில் தொட்டுக் காட்டப் பழக்குவார்களா என்று கேளுங்கள். மாபிள் போட்ட இடமோ பழைய கட்டடமோ, இத்தனைக்கும் நேராகப் பதில் சொல்கிற இடத்தில் சேருங்கள்.

கேள்வி: வாப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து, உள்ளே பந்து மாற்றும் சத்திரசிகிச்சை செய்து மூன்று கிழமை. பயிற்சிக்காக ஒரு நிலையத்தில் விட்டிருக்கிறோம். “ஒவ்வொரு நாளும் பிசியோ நடக்குது” என்கிறார்கள். போகும் நேரமெல்லாம் கட்டிலில்தான் இருக்கிறார். எப்படி உண்மையை அறிவது?
– ஒரு மகன், அக்கரைப்பற்று

பதில்: “நடக்குது” என்ற சொல்லை ஏற்றுக்கொள்ள வேண்டாம், அளவு கேளுங்கள். நேற்று எத்தனை அடி நடந்தார், எத்தனை பேர் பிடித்தார்கள், கதிரையில் எவ்வளவு நேரம் இருந்தார்? இந்த மூன்றும் நாள்வாரியாக எழுதியிருக்க வேண்டும். இடுப்புச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பொதுவாக அடுத்த நாளே எழுப்பி நிறுத்துவார்கள், அப்படியிருக்க மூன்றாம் கிழமையில் கட்டிலோடு கிடப்பதற்கு ஒரு காரணம் சொல்லவேண்டும். சில வேளை உண்மையான காரணம் இருக்கும். கால் ஊன்ற எவ்வளவு பாரம் அனுமதி என்று சத்திரசிகிச்சை வைத்தியர் எழுதிய துண்டு நிலையத்துக்கு வந்து சேராவிட்டால், பிசியோ பயந்து நிறுத்தி வைத்திருப்பார். அந்தத் துண்டை நீங்களே கிளினிக்கில் வாங்கிக் கொடுத்தால் காரியம் நகரும்.

இன்னொரு காரணம் வலி. வலிக் குளிசையைப் பயிற்சிக்கு அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் முன்பு கொடுக்காமல், காலை மருந்தோடு ஆறு மணிக்கே கொடுத்துவிட்டால் பத்து மணிக்கு அவர் காலை அசைக்க விடமாட்டார். “ஒத்துழைக்கிறார் இல்லை” என்று எழுதிவிடுவார்கள். குளிசை நேரத்தை மாற்றிக் கேட்டுப் பாருங்கள்.

முன்னேற்றத்தை நீங்களே அளக்கலாம். அவர் வோக்கரோடு நடக்கத் தொடங்கிய பிறகு, கதிரையில் இருந்து எழுந்து, 3 மீற்றர் போய்த் திரும்பி வந்து இருக்க எத்தனை செக்கன் ஆகிறது என்று போனில் பாருங்கள், பக்கத்தில் ஒருவர் பிடிக்க ஆயத்தமாக நிற்கட்டும். 12 செக்கனோ அதற்கு மேலோ என்றால் விழும் ஆபத்து உண்டு. தொடக்கத்தில் அது 40, 50 கூட இருக்கும், அதற்குக் கவலைப்பட வேண்டாம். கிழமைக்குக் கிழமை குறைகிறதா என்பதே கேள்வி. நிலையத்தில் பார்தல் அளவுகோல் பயன்படுத்துகிறார்களா என்றும் கேளுங்கள். சாப்பிடுதல், குளித்தல், மலசலகூடம் போதல் முதலிய 10 விடயங்களுக்கு மொத்தம் 100 புள்ளி. சேர்ந்த அன்று எத்தனை, இன்று எத்தனை என்று சொல்லத் தெரியாத இடத்தைப் புனர்வாழ்வு நிலையம் என்று சொல்ல முடியாது.

குந்தி இருக்கும் கக்கூஸ், தாழ்ந்த கதிரை, நிலத்தில் இருத்தல் மூன்றும் வைத்தியர் அனுமதிக்கும் வரை கூடாது. மாற்றிய பந்து கழன்றுவிடும். உயரமான கொமோட் கதிரை அங்கே இருக்க வேண்டும். வாப்பாவுக்கு ஒழு செய்யவும் கதிரையில் இருந்து தொழவும் முடியவேண்டும் என்பதைப் பயிற்சியின் இலக்காக எழுதச் சொல்லுங்கள். ஒரு மனிதர் தனக்கு வேண்டியதற்காக எழும்பும்போது பயிற்சி வேறு மாதிரி நடக்கும்.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், இரத்தம் கட்டியிருக்கலாம். திடீரென மூச்சு இழுத்தால் 1990க்கு (அம்புலன்ஸ்) அழையுங்கள்.

கேள்வி: பெத்தாவின் நாரியடியில் புண். “சீனி வருத்தக்காரருக்கு வரத்தான் செய்யும்” என்கிறார்கள். சரியா?
– களுவாஞ்சிகுடி வாசகி

பதில்: சீனி வருத்தம் புண்ணை ஆற விடாது, அது உண்மை. ஆனால் புண்ணை உண்டாக்குவது அழுத்தம். எலும்புக்கும் மெத்தைக்கும் இடையில் தசை நசிந்து இரத்தம் நிற்க சில மணித்தியாலமே போதும். ஆகவே அந்தப் பதிலை ஏற்காதீர்கள். முதலில் எப்போது, யார் கண்டார், அப்போது என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். நம்முடைய கறுத்த தோலில் ஆரம்பச் சிவப்புத் தெரியாது. சுற்றிலும் உள்ள தோலைவிடக் கருநீலமாக, சூடாக, கெட்டியாக அல்லது கொளகொளவென்று இருக்கும். அழுத்தினால் வலிக்கும். தாதிமார் கையால் தொட்டுப் பார்த்தால்தான் பிடிபடும்.

நல்ல எண்ணத்தோடு செய்யும் பிழைகள் பல. வளையம் போன்ற குஷன் வைப்பார்கள், அது சுற்றிவர இரத்தத்தை நெரிக்கும். கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு வைப்பார்கள், பாரம் குறையாது. கெண்டைக்காலின் கீழ் நீளத் தலையணை வைத்துக் குதிகாலைக் காற்றில் விடுவதே முறை. சிவந்த இடத்தைத் தேய்த்துப் பிடிப்பார்கள், உள்ளே நைந்துபோன தசை இன்னும் நையும். ஸ்பிரிற், ஹைட்ரஜன் பெரொக்சைட் ஊற்றினால் புதிதாக வளரும் தசையும் கருகும், சேலைன் போதும். தலைப்பக்கத்தை உயர்த்தினால் பெத்தா கீழே சறுக்குவார், அந்தச் சறுக்கலே நாரித் தோலைக் கிழிக்கும். முழங்காலை முதலில் சற்று மடக்கி உயர்த்திவிட்டுத் தலையை உயர்த்த வேண்டும்.

காற்று மெத்தை இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும். மெத்தையின் கீழே, நாரிக்கு நேரே கையை விட்டுப் பாருங்கள். எலும்பு கையில் முட்டினால் காற்றுக் குறைவு. மாரியில் கரண்ட் நின்றால் மெத்தை இறங்கிவிடும், அப்போது என்ன செய்வார்கள் என்று இப்போதே கேளுங்கள்.

கிழமைக்கொரு முறை பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுங்கள். நிறையும் பாருங்கள். ஒரு மாதத்தில் 60 கிலோ 57 ஆனால் அது 5 சதவீதம், சும்மா விடக்கூடாத குறைவு. நிற்க முடியாதவருக்கு மேற்கையின் சுற்றளவை நாடாவால் அளக்கலாம். முட்டை, மீன், பருப்பு இல்லாமல் எந்த மருந்தும் புண்ணை மூடாது (சிறுநீரக வருத்தம் இருந்தால் அளவை வைத்தியரிடம் கேளுங்கள்). இரண்டு கிழமையில் சிறுக்காவிட்டால் வைத்தியருக்குக் காட்டவேண்டும். நாற்றம், காய்ச்சல், கறுப்புத் தோல், எலும்பு தெரிதல் ஏதும் இருந்தால் இன்றே வைத்தியசாலை.

கேள்வி: அப்பாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நித்திரை. முன்பு இப்படி இல்லை.
– திருக்கோவில் வாசகர்

பதில்: மருந்துத் தாளைக் கேளுங்கள். சேர்த்த அன்று இருந்த கிளினிக் கொப்பியோடு வைத்து ஒவ்வொரு பெயராக ஒப்பிடுங்கள். ஹலோபெரிடோல், கியூடியாபின், டயசிபாம் போன்ற பெயர் புதிதாக இருந்தால் எந்த வைத்தியர், எதற்காக, எத்தனை நாளைக்கு எழுதினார் என்று கேளுங்கள். ஆள் போதாத இடத்தில் இரவில் கத்துபவருக்கு நித்திரைக் குளிசை கொடுப்பது எங்கும் நடக்கிற தவறு. அதனால் விழுவார்கள், சாப்பாடு குறையும், புண் வரும். கட்டிலில் துணியால் கட்டுவதும் இதே வகை.

ஆனால் மருந்தை மட்டும் சந்தேகித்து நின்றுவிட வேண்டாம். சாப்பிடாதவருக்கு இன்சுலினோ சீனிக் குளிசையோ வழமைபோலக் கொடுத்தால் சீனி 70க்குக் கீழே இறங்கி மயங்குவார். உடனே விரலில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். சலக்கிருமி, இரத்தத்தில் உப்புக் குறைதல், விழுந்து தலையில் அடிபட்டதை மறைத்தல் எல்லாமே நித்திரையாகத்தான் வெளியே தெரியும். தட்டியும் விழிக்காவிட்டால் 1990.

கேள்வி: இப்படியான இடங்கள் யாரிடம் பதிய வேண்டும்? முறைப்பாடு எங்கே?
– வாழைச்சேனை வாசகர்

பதில்: இரண்டு சட்டங்கள். தாதியர் சேவையும் சிகிச்சையும் தரும் தனியார் நிலையம் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபையில் பதிய வேண்டும். பதிவு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது, ஆகவே சுவரில் தொங்கும் சான்றிதழில் ஆண்டைப் பாருங்கள். முதியோர் இல்லமானால் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். அதற்குரிய உத்தியோகத்தரைப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். பல இடங்கள் முதியோர் இல்லம் என்று பதிந்துவிட்டு மூக்குக்குழாய் போட்ட நோயாளிகளையும் எடுக்கின்றன. இந்த இடைவெளியில்தான் விபத்து நடக்கிறது, ஆகவே எந்தப் பதிவு என்று கட்டாயம் கேளுங்கள்.

பிசியோ இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்றும் கேளுங்கள். பராமரிப்பாளர்களுக்கு என்.வி.கியூ (தேசியத் தொழில் தகைமை) சான்றிதழ் உண்டு. வெள்ளைச் சட்டை போட்ட எல்லோரும் தாதியர் அல்ல.

முறைப்பாட்டை முதலில் நிலைய முகாமையாளருக்குத் திகதி போட்டு எழுத்தில் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். பிறகு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகம். உங்களுக்கு மட்டக்களப்பு. அம்பாறைக் கரையோரத்தார் கல்முனைக்குப் போக வேண்டும். படம், நிறைக் குறிப்பு, மருந்துத் தாளின் பிரதி மூன்றையும் இணைத்துக் கொடுங்கள்.