கவுன்சிலராக இருந்து கட்சி மாறியும் மரியாதை குறையாத தலைவர் யாராவது உண்டா?

உண்டு. எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் டாக்டர் டி. எம். நாயர். பிராமணரல்லாதாருக்காகத் தொடங்கிய நீதிக்கட்சியை நிறுவியவர்களில் ஒருவர் என்றுதான் பலருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அவர் 1904 முதல் 1916 வரை சென்னை மாநகராட்சியில் திருவல்லிக்கேணியின் கவுன்சிலர், காங்கிரஸ்காரரும்கூட.

எடின்பரோவில் மருத்துவம் படித்தவர். மனதில் பட்டதை யார் முகத்துக்கு நேராகவும் சொல்லிவிடுவார். 1907-08இல் தொழிற்சாலைத் தொழிலாளர் ஆணையத்தில் இருந்தார். வயது வந்த ஆண்களின் வேலை நேரத்தைச் சட்டம் கட்டுப்படுத்தத் தேவையில்லை என்று மற்ற உறுப்பினர்கள் சொன்னபோது, கட்டுப்படுத்தியே ஆகவேண்டும் என்று தனிக் குறிப்பு எழுதினார். தன் மருத்துவ இதழில் வந்த கட்டுரைக்காக அன்னி பெசன்ட் தொடுத்த அவதூறு வழக்கையும் எதிர்கொண்டு வென்றார்.

மாநகராட்சிக்குள் அவருக்கும் பிட்டி தியாகராயருக்கும் ஆகவே ஆகாது. இருவரும் காங்கிரஸ்காரர்கள், இருவரும் செல்வாக்குள்ளவர்கள், ஆனால் மன்றத்தில் எதிரும் புதிருமாகவே இருந்தார்கள். அவர்களைப் பேசவைத்துச் சேர்த்தவர் டாக்டர் நடேச முதலியார். 1916 நவம்பரில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் உருவானது; நீதிக்கட்சியின் முறையான பெயர் அதுதான். அடுத்த பிப்ரவரியில் ‘ஜஸ்டிஸ்’ நாளேடு நாயரை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. கட்சிக்கு மக்கள் வைத்த பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

இவரை விமர்சிப்பவர்கள் ஒன்று சொல்வார்கள்: 1916இல் இந்தியா முழுமைக்குமான டெல்லி மத்திய சட்டமன்றத்துக்கு நடந்த தேர்தலில் பிராமண வேட்பாளர் சீனிவாச சாஸ்திரியிடம் தோற்ற கோபத்தில்தான் காங்கிரஸை விட்டார் என்று. அந்தத் தோல்வி உறுத்தியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் கல்வியிலும் அரசு வேலையிலும் பிராமணரல்லாதார் பின்தங்கியிருந்தது அவருடைய சொந்தக் கோபத்தில் பிறந்த கற்பனை இல்லையே! அந்தக் குறைக்குக் காங்கிரஸில் காது கொடுப்பார் இல்லை. ஆங்கிலேயரை அவர் அதிகம் நம்பினார் என்ற குற்றச்சாட்டில் மட்டும் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கட்சி மாறியவர்களைப் பற்றி நான் முதலில் கேட்பது, மாறியதால் என்ன கிடைத்தது என்றுதான். நாயருக்குப் பதவி எதுவும் கிடைக்கவில்லை. 1918இல் லண்டன் போனவருக்குப் பொதுவில் பேசத் தடை போட்டார்கள், பிரபுக்கள் சிலர் வாதாடிய பிறகே அது நீங்கியது. மறுவருஷம் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவிடம் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்துக்காக, அதாவது ஒவ்வொரு சமூகமும் தன் பிரதிநிதிகளைத் தானே தேர்ந்தெடுக்கும் முறைக்காக, சாட்சியம் சொல்லப் போனார், உடல்நிலை மோசமாகி, சாட்சியம் சொல்லாமலே 1919 ஜூலை 17 அன்று அங்கேயே இறந்தார். அவர் கேட்டது வேறு வடிவத்தில் வந்தது: சென்னைச் சட்டமன்றத்தில் பிராமணரல்லாதாருக்கு 28 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1920 தேர்தலில் நீதிக்கட்சி வென்றது. முதல்வர் பதவி தியாகராயரைத் தேடி வந்தபோது, அவரும் வேண்டாம் என்றுவிட்டார்.