கடன் பட்டுப் போலந்தில் டொக்டர் படிப்பா? ஒஸ்லோ ஆய்வுகூடத்தை முதலில் பாருங்கள்

வணக்கம் அம்மா. மகளின் புள்ளிகள் நோர்வே மருத்துவ பீடங்களுக்கு எட்டாது என்று தெரிந்ததும் கனடாவிலிருக்கும் பெரியப்பா போலந்தில் ஆங்கில வழி டொக்டர் படிப்புக்கு இடம் பார்த்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்கடனைக் கூட்டலாமா என்று யோசிக்கிறீர்கள். பிள்ளையோ "எனக்கு ஆய்வுகூட வேலைதான் வேணும்" என்கிறாள். ஈட்ரிஸ் (EATRIS) என்ற ஓர் ஐரோப்பிய மருத்துவ ஆய்வு அமைப்பின் பெயரையும் எங்கோ கேட்டு வந்திருக்கிறாள். பெரியப்பா அதை "நாடுகள் சந்தா கட்டுற சங்கம், அதில் என்ன உத்தியோகம்" என்று ஒதுக்கிவிட்டார்.

உங்கள் பயம் நியாயமானது, ஆனால் அது திரும்பியிருக்கும் திசை பிழை. போலந்தில் ஆறு வருடம், வருடத்துக்குப் பத்தாயிரம் யூரோவுக்கு மேல் கட்டணம். நோர்வே அரசின் மாணவர் கடன் நிதியமான லோனகாசன் கட்டணத்துக்குத் தரும் உதவிக்கு உச்சவரம்பு உண்டு, அதிலும் ஒரு பகுதிதான் மானியம். மிச்சமெல்லாம் பிள்ளையின் தலையில் கடன். படித்துத் திரும்பினாலும் நிபுணத்துவப் பயிற்சிக்குப் போக லிஸ் 1 என்ற 18 மாதப் பயிற்சி வேண்டும்: பன்னிரண்டு மாதம் ஆஸ்பத்திரி, ஆறு மாதம் கொம்யூன் என்ற உள்ளூராட்சியின் மருத்துவ சேவை. அந்த இடங்களுக்கு விண்ணப்பிப்போர் இடங்களைவிட அதிகம். இத்தனையும் பொறுக்கலாம், பிள்ளைக்கு அந்த வேலையில் மனம் இருந்தால். இல்லை என்று அவளே சொல்கிறாள். விருப்பமில்லாத படிப்புக்காக வீட்டை அடகு வைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஈட்ரிஸ் பற்றிப் பெரியப்பா சொன்னதில் பாதி சரி. ஆய்வுகூடத்தில் கண்டுபிடித்ததை நோயாளியின் கட்டில் வரைக்கும் கொண்டுபோகும் டிரான்ஸ்லேஷனல் மெடிசினுக்கான ஐரோப்பியக் கூட்டுக் கட்டமைப்பு அது. பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஆய்வுக் கட்டமைப்புகளுக்காக 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் உருவாக்கிய எரிக் (ERIC) என்ற சட்ட வடிவத்தில் 2013இல் பதிவானது. தலைமையகம் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. நோர்வே ஒன்றிய உறுப்பினர் இல்லாவிட்டாலும் இதில் அங்கத்துவ நாடு. ஈட்ரிஸுக்குச் சொந்த ஆய்வுகூடம் கிடையாது. அங்கத்துவ நாடுகளின் ஆஸ்பத்திரிகளும் பல்கலைக்கழகங்களும்தான் அதன் கை கால்கள். பேர்கனில் ஒரு குழு புற்றுநோய்க்கான ஒரு பயோமார்க்கரை, அதாவது நோயைக் காட்டும் அளக்கக்கூடிய ஓர் உடல் அடையாளத்தை, கண்டுபிடித்து, அதைச் சரிபார்க்கும் வசதி தன்னிடம் இல்லையென்றால், ஆம்ஸ்டர்டாம் அலுவலகம் பின்லாந்திலோ இத்தாலியிலோ அந்த வசதியுள்ள நிலையத்தைத் தேடி இணைத்துவிடும்.

நாடு கட்டும் சந்தா இந்த ஒருங்கிணைப்புக்குத்தான். பரிசோதனைச் செலவை ஒவ்வொரு ஆய்வுத்திட்டமும் தன் நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். நாட்டுக்குள் ஒருங்கிணைப்புக்குச் சம்பளத்தோடு ஆள் வைக்காமல் சந்தாவை மட்டும் கட்டினால் நிலையங்கள் பட்டியலில் பெயராகவே நின்றுவிடும். அதனால் "ஈட்ரிஸில் வேலை" என்று தேடினால் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சிறிய அலுவலகமும் நாட்டுக்கு ஒரு சில ஒருங்கிணைப்பாளர்களும்தான் அகப்படுவார்கள். உண்மையான வேலை அந்த நிலையங்களின் மேசைகளில் இருக்கிறது. அதைப் பெரியப்பா பார்க்கவில்லை.

அந்த மேசைக்குப் போக நம் வீடுகளில் யாரும் பேசாத ஒரு வழி உண்டு: பியோஇன்ஷெனியோர் (bioingeniør) என்ற மருத்துவ ஆய்வுகூடப் பட்டம். மூன்று வருடம், 180 கற்கைப் புள்ளி. ஒஸ்லோவின் ஒஸ்லோமெட் பல்கலைக்கழகத்திலும் பேர்கன், துரொன்ஹைம், துரொம்சோவிலும் இருக்கிறது. அரச நிறுவனங்களில் உங்கள் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டர் கட்டணம் மட்டும். "ரத்தம் எடுக்கிற வேலைதானே" என்று உறவினர் சொல்வார்கள். ரத்தம் எடுப்பது அதில் ஒரு சிறு துண்டு.

ஒஸ்லோ பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் செல் சிகிச்சைப் பிரிவு போன்ற இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நோயாளியின் சொந்த நோயெதிர்ப்புச் செல்களையே மாற்றிப் புற்றுநோயைத் தாக்க வைக்கும் கார்-டி சிகிச்சைக்கு, அவரது ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, டி-செல்களைத் தூண்டி, வைரஸ் வழியாகப் புதிய மரபணுவைப் புகுத்தி, ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை வளர்ப்பார்கள். கிருமியற்ற அறையில் செல்களைத் திறந்து கையாளும் வேலை, மிகத் தூய்மையான ஏ தரக் காற்றோட்டத்துக்குள் மட்டும். ஒவ்வொரு படியும் உற்பத்திப் பதிவேட்டில் ஏறும், முக்கியமான படிகளில் செய்தவரும் சரிபார்த்தவரும் கையெழுத்து வைப்பார்கள். வழமையான கிருமிப் பரிசோதனைக்கு 14 நாள் வேண்டும், நோயாளி அவ்வளவு காத்திருக்க மாட்டார். அதனால் விரைவு முறைகளை நிரூபித்து வைத்திருக்க வேண்டும். செல்களில் எத்தனை வீதம் உயிரோடிருக்கிறது, எத்தனையில் மரபணு ஏறியது என்று, செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் அளந்து, மருந்தை நோயாளிக்கு விடுவிக்கும் அறிக்கைக்குக் கொடுப்பது பியோஇன்ஷெனியோர் செய்யும் வேலை. ஒரு நோயாளிக்கு ஒரு தொகுதிதான். அது கெட்டால் இரண்டாவது எடுக்க அவர் உடலில் தெம்பு இல்லாமல் போகலாம். இந்தப் பொறுப்பைச் சின்ன வேலை என்று சொல்பவர் அந்த அறைக்குள் போனதில்லை.

பயோமார்க்கர் பக்கத்திலும் பிழைகள் பெரும்பாலும் இயந்திரத்துக்கு முன்னாலேயே நடக்கின்றன. ரத்தம் பிரிக்காமல் மேசையில் கிடந்தால் செல்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். சிவப்பணு உடைந்தால் பொட்டாசியம் ஏறும். வெள்ளிக்கிழமை பின்னேரம் உலர்பனியில் அனுப்பிய மாதிரி சனி ஞாயிறு விமான நிலையத்தில் கிடந்து உருகும். மைனஸ் 80 பாகையில் வைத்திருந்ததை இரண்டு முறை உருக்கி உறைய வைத்தால் சில புரதங்கள் அழிந்துவிடும். ஐந்து நாட்டு நிலையங்களின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவராமல் போவதற்கு இப்படியான காரணங்களே அதிகம். அங்கே எல்லோருக்கும் பொதுவான நடைமுறையை எழுதி, ஒரே கட்டுப்பாட்டு மாதிரியை எல்லா ஆய்வுகூடத்துக்கும் அனுப்பி அளவுகளை ஒப்பிடக்கூடிய ஆளுக்கு மதிப்பு உண்டு. மாதிரி எல்லை தாண்டுமுன் ரெக் என்ற நோர்வேயின் மருத்துவ ஆய்வு ஒழுக்கக் குழுவின் அனுமதியும் மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தமும் வேண்டும். இவை தாமதித்தால் ஆய்வுத்திட்டம் மாதக்கணக்கில் நிற்கும். இதையும் கற்றுக்கொண்ட ஆய்வுகூட ஆள் அரிது.

ஆய்வுகூட ஆட்களின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கு நோர்வேயிலேயே சான்று இருக்கிறது. எலும்புக்குப் பரவிய புரோஸ்டேட் புற்றுநோய்க்கான ரேடியம்-223 மருந்து ஒஸ்லோவில் தோன்றியது. 1997இல் தொடங்கிய அல்கேட்டா என்ற கம்பனி அதை வளர்த்தது, 2013இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்தது. 11.4 நாளில் கதிரியக்கம் பாதியாகிவிடும் பொருளைத் தயாரித்து, அளந்து, கெடுமுன் ஆஸ்பத்திரிக்குச் சேர்ப்பதில் டொக்டரின் பங்கு ஒரு கண்ணிதான். மற்றக் கண்ணிகளை வேதியியலும் ஆய்வுகூடமும் படித்தவர்கள் பிடித்திருந்தார்கள்.

இதே துறைக்கு வெறும் உயிரியல் பட்டம் வழியாகவும் போகலாம்தான். ஆனாலும் நான் பியோஇன்ஷெனியோரை வற்புறுத்துவதற்குக் காரணம் தொழில் அனுமதி. அந்தப் பட்டத்தோடு சுகாதாரத் தொழிலாளராக அரச அங்கீகாரம் கிடைக்கும், உயிரியல் பட்டத்தோடு கிடைக்காது. ஆய்வுத்திட்ட வேலைகள் பெரும்பாலும் நிதி உள்ளவரைக்கும்தான். நிதி முடிந்தால் அங்கீகாரம் உள்ளவர் ஆஸ்பத்திரியின் நிரந்தர வேலைக்குப் போகலாம், இல்லாதவர் அடுத்த திட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டும். மேலே போக விரும்பினால் ஒஸ்லோமெட்டில் பயோமெடிசினிலோ துரொன்ஹைமில் மொலிக்யூலர் மெடிசினிலோ மாஸ்டர் செய்யலாம். சேர்க்கைத் தகுதியை அந்தந்தப் பக்கத்தில் இப்போதே பார்த்து வையுங்கள். அதன் பிறகு ஸ்டிபெண்டியாட், அதாவது சம்பளம் பெறும் முனைவர் ஆய்வாளராகப் போனால் முனைவர் ஆய்வே இங்கே சம்பள வேலை.

மகளிடம் சொல்ல வேண்டியவை. கணிதத்தையும் விஞ்ஞானப் பாடத்தையும் இப்போது கைவிட வேண்டாம். சேர்க்கைக்கு எந்தப் பாடச் சேர்மானம் வேண்டும் என்பதை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாகப் பார்க்கட்டும். ஆஸ்பத்திரிப் பயிற்சிக் காலத்தில் ரத்த வங்கி, நோயெதிர்ப்பியல், மூலக்கூற்று நோயறிதல் பிரிவுகளைக் கேட்டு வாங்கட்டும். எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் பின்லாந்துக்கோ நெதர்லாந்துக்கோ போனால் நல்லது. வேலைக்குப் போகும்போது நிறுவனத்தின் சுவரில் எந்த ஐரோப்பிய இலச்சினை இருக்கிறது என்று பார்க்கத் தேவையில்லை. செல் சிகிச்சை போன்ற மருந்துகளைத் தயாரிக்கும் உற்பத்தி அனுமதி இருக்கிறதா, இடம் நிரந்தரமா திட்ட நிதியா, யார் பயிற்றுவிப்பார் என்று கேட்க வேண்டும்.

அவளுக்கு மருத்துவ அறிவு பிடிக்குமே, பிறகு மனம் மாறினால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். இருபத்திரண்டு வயதில் கடனில்லாமல், கையில் ஒரு தொழிலோடு மனம் மாறுவதில் ஆபத்து இல்லை. மூன்றாம் வருடம் போலந்தில், முப்பதாயிரம் யூரோ செலவழித்த பிறகு மனம் மாறுவதுதான் ஆபத்து.

நோர்வேயின் பொதுப் பல்கலைக்கழக விண்ணப்ப முறையான சாமோர்ட்னா ஒப்டாக்குக்கு ஏப்ரல் 15 கடைசி நாள். விருப்ப வரிசையை ஜூலை 1 வரைக்கும் மாற்றலாம், அதனால் ஒஸ்லோ மருத்துவத்தை முதலாவதாகப் போட்டாலும் பரவாயில்லை, பியோஇன்ஷெனியோர் பட்டியலில் கட்டாயம் இருக்கட்டும். போலந்துக்கு முற்பணம் இன்னும் கட்டவில்லையென்றால் கட்டாதீர்கள். பெரியப்பாவோடு பேசுவது கஷ்டம் என்றால், அந்த ஆறு வருடக் கட்டணத்தில் தன் பங்கு எவ்வளவு என்று அவர் எழுத்தில் தரட்டும் என்று கேளுங்கள்.