மடித்த பிவிசி புல்லாங்குழலில் அடிச் சுரம் பேசவில்லை

பிவிசி குழாயை யு வடிவில் மடித்துச் செய்த புல்லாங்குழலில் அடிச் சுரம், அதாவது எல்லாத் துளைகளையும் மூடி ஊதும் சுரம், பேசவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மடித்ததால் மட்டும் அது ஊமையாகாது. பசூன் என்ற மேற்கத்திய ஊதுகருவியே மடித்த குழாய்தான். குழாய்களை வளைவில் இணைக்கும் எல்போவைப் பசை போடாமல் செருகியதாகச் சொல்கிறீர்களே, அங்கேதான் காற்று கசியும்.

எல்லாத் துளைகளையும், வாய்த்துளையையும் சேர்த்து, டேப் ஒட்டி மூடுங்கள். திறந்த முனையில் வாய் வைத்து உறிஞ்சுங்கள். நாக்கு நுனி கவ்விப் பிடித்தால் கசிவில்லை. பிடிக்காவிட்டால் மூட்டில் டெஃப்லான் டேப் நாலு சுற்று. குழாய் எல்போவுக்குள் முட்டும்வரை போகட்டும். சந்து விட்டால் அங்கே உள்விட்டம் பெருத்துச் சுருதி பிசகும்.

அப்புறம், ஏற்காட்டுக் குளிரில் சுருதி பார்த்துத் துளையை அரத்தால் தேய்க்காதீர்கள். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் சுருதி அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை ஏறிவிடும். மலை உயரத்துக்கு இதில் பங்கில்லை. வாசிக்கப்போவது சேலத்தில் என்றால் சேலத்திலேயே தேயுங்கள்.