அமெரிக்கக் காலனி கால வரலாறு: ஆய்வுக்கு எந்த நூலை நம்பி எடுப்பது?

ஆய்வு நூல் என்றால், ஒவ்வொரு கூற்றும் எங்கிருந்து வந்தது என்று காட்டி, மற்றவர்கள் சரிபார்க்க வழி விட்டு எழுதிய நூல். 1607-இல் ஆங்கிலேயர் வர்ஜீனியாவில் அமைத்த ஜேம்ஸ்டவுன் குடியேற்றம் முதல் 1776 சுதந்திரப் பிரகடனம் வரையிலான காலத்துக்கு இது ரொம்ப அவசியம், ஏனென்றால் அன்று எழுதி வைத்தவர்களில் பெரும்பாலோர் குடியேறிய ஐரோப்பியர்கள். பூர்வகுடிகளும் அடிமைகளும் அவர்கள் கண் வழியாகத்தான் நமக்குத் தெரிகிறார்கள். அதை அப்படியே நம்பினால், பஞ்சாயத்தில் ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பு சொல்வது போலாகிவிடும்.

அதனால் முதலில் அடிக்குறிப்புகளைப் புரட்டுங்கள்: நீதிமன்றப் பதிவு, உயில், வரிக் கணக்கு என்று மூல ஆவணங்கள் வருகின்றனவா, இல்லை வேறு நூல்களே திரும்பத் திரும்ப வருகின்றனவா? அப்புறம் ஆரம்பகால அமெரிக்க வரலாற்றுக்கான ஆய்விதழான வில்லியம் அண்ட் மேரி குவார்ட்டர்லியில் அந்த நூலுக்கு மதிப்புரை தேடுங்கள்.

பல்கலைக்கழகப் பதிப்பகம் போட்டால்தான் ஆய்வு நூல் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை; வர்ஜீனியாவின் அடிமைமுறை பற்றி வரலாற்றாசிரியர் எட்மண்ட் மார்கன் எழுதி, இன்றும் மேற்கோள் காட்டப்படும் நூலை 1975-இல் வெளியிட்டது நார்ட்டன் என்ற பொதுப் பதிப்பகம்.